அறுபது புளியங்கொட்டை

ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உருப்படியானதைச் சொல்ல உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் என் முதல் தீசிஸ் எப்படிச் செத்தது என்று சொல்கிறேன். இரண்டாவது தீசிஸ் நூலகத்தில் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். தூசி தட்ட ஒரு துணி கொண்டு போங்கள். முதலாவதுதான் சுவாரசியமான தீசிஸ். அதில் ஒரு சுரைக்கொடி, நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டியூட்டராகத் தற்காலிக வேலையில் இருந்தேன். குறிப்பிட்ட ஜூன் மாதத்துக்குள் டாக்டர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம், வாங்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் இரண்டு தங்கைகளும், 'பையன் காலேஜில் இருக்கிறான்' என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த அப்பாவும் இருந்தார்கள். ஆகவே எனக்குப் பட்டம் வேண்டும். இந்தக் கதையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

செடியை ஏதாவது தீண்டினால் அதன் உடம்புக்குள் மிகச் சிறிய மின்துடிப்பு ஒன்று ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதைத் திரையில் பார்க்கிறீர்கள். எங்கள் காலத்தில் கொடியின் தண்டில் வெள்ளிக் கம்பியை உப்புநீரில் நனைத்த நூலால் கட்டி, கம்பியின் மறுமுனையை ஒரு பதிவுக் கருவியில் மாட்டுவோம். சுருள் தாள் மெதுவாக நகரும், பேனாமுள் கோடு இழுத்துக்கொண்டே போகும். செடி பதில் சொன்னால் முள் ஒரு துள்ளு துள்ளும்.

என் நெறியாளர் பெரிய படிப்பாளி. மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், இருக்கிற கருத்தெல்லாம் கனமானவை. தொட்டாற்சிணுங்கியை ஆராயலாமா என்று கேட்டுப் போனபோது, "அத உலகமே பாத்தாச்சுப்பா. தொட்டும் சிணுங்காத செடி உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு பாரு" என்று சொல்லி எனக்குச் சுரைக்காயை ஒதுக்கினார். பட்டணத்து மின்கம்பிகள் முள்ளைக் கெடுக்கும் என்பதால் நாட்டுப்புறத்தில் வீடு பார்க்கச் சொன்னார். வில்லியனூரிலிருந்து அரியூர் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. பின்கட்டில் சுரைக்கொடியை ஏற்றி, வெளி மின்சாரம் அண்டாமல் இருக்கச் சுற்றிலும் கோழி வலை அடித்தேன். கோழி எப்போது வரும் என்று ஊரில் கேட்டார்கள். கோழி இல்லை, சுரைக்காய்தான் என்றேன். அது ஓடிப் போய்விடுமா என்று கேட்டார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, கூண்டில் காய்கறி வளர்க்கத் தனி அனுமதி வேண்டுமா என்று தனக்கே தெரியவில்லை என்று சொல்லி, ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். பஸ் கண்டக்டர் எனக்கு 'சொரக்கா சார்' என்று பெயர் வைத்தார். அந்த வழித்தடம் முழுக்க அதுவே நிலைத்தது.

சோதனை எளிமையானது. பானைத் தண்ணீரில் தூரிகையை நனைத்து ஒரு குறிப்பிட்ட இலையில் ஒரு முறை வருட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், நாள் முழுக்க அறுபது தரம். இவ்வளவு தரம் தொட்டால் கொடிக்கு அது பழகிப்போய்ப் பதில் சொல்வதை நிறுத்துமா என்பதே கேள்வி. யார் தொடுவது என்பதில்தான் நெறியாளருடைய கனமான கருத்து ஒன்று குறுக்கே வந்தது.

"நீ பக்கத்துல இருக்கக் கூடாது. உனக்குப் பட்டம் வேணும்கற ஆசை இருக்கு. ஆசை இருக்கற எடத்துல அளவு கெட்டுடும். ஆசையில்லாத ஒரு ஆளை வெச்சுத் தொடச் சொல்லு. நீ சாயங்காலம் போயித் தாளை மட்டும் எடு."

எவ்வளவு அழகான கொள்கை பாருங்கள். இன்றைக்கும் அதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. அதைக் கடைப்பிடித்துத்தான் நாசமாய்ப் போனேன்.

ஆசையில்லாத ஆளாக எனக்குக் கிடைத்தவர் அந்தோணியம்மாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டி வயலுக்கு அழைத்துப் போகிறவர். அவர் குரல் கொடுத்தால் மூன்று தெரு திரும்பிப் பார்க்கும். கூண்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், சொரக்கொடிய தொட்டுக்கினு இருக்கறதுக்கு ஒரு ஆளா?" என்றார். ஆமாம் என்றேன். "நாளிக்கு எத்தினி தரம்?" அறுபது என்றேன். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பெரிய முள் இரண்டு எண்ணைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தரம் என்றும் விளக்கினேன். அறுபது என்றதுமே அவர் தலையாட்டிவிட்டார். கடிகாரத்தைப் பற்றிச் சொன்னபோது ஆட்டியது அதே ஆட்டத்தின் மிச்சம் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

எண்ணிக்கை தவறாமல் இருக்க இரண்டு கிண்ணங்கள் வைத்தேன். இடது கிண்ணத்தில் அறுபது புளியங்கொட்டை. ஒரு தரம் தொட்டால் ஒரு கொட்டையை வலது கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். காலையில் ஏழு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்புவேன். வீட்டுச் சாவி அவரிடம். மாலையில் நான் வந்து இறங்கும்போது சாவியோடு வாசலில் நிற்பார். உள்ளே போய் வலது கிண்ணத்தை எண்ணுவேன். அறுபது இருக்கும். அவர் காலில் முழங்கால் வரைக்கும் சேறு இருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு சுரைக்கொடிக்கு ஊற்றுகிற தண்ணீரில் முழங்கால் சேறு எப்படி வரும் என்று, முதுகலையில் முதல் வகுப்பில் தேறிய எனக்குத் தோன்றவில்லை.

முதல் மாதத் தாள்களைத் தரையில் வரிசையாக விரித்துப் பார்த்தேன். காலை ஏழே காலிலிருந்து எட்டரை வரைக்கும் முள் துள்ளோ துள்ளென்று துள்ளியிருந்தது. அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் ஒரே சமக்கோடு. எட்டரைக்கு மேல் தொட்டதற்கெல்லாம் கொடி பதிலே சொல்லவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், முதல் அரை மணியில் நாம் தொட்டது மூன்று தரம்தான். அது பதில் சொன்னதோ ஒன்பது தரம்.

நெறியாளர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல, "இது பழகிப் போகல. இது அட்டவணையைக் கத்துக்கிச்சு" என்றார். "நாள் பூரா தொடப் போறாங்கன்னு அதுக்குத் தெரியுது. வரப்போற தொடுகைக்கெல்லாம் காலையிலேயே பதில் சொல்லி முடிச்சுட்டு மத்த நேரம் சும்மா இருக்குது."

அதற்கு 'முன்னுணர் மறுமொழி' என்று பெயர் வைத்தோம். அதுவே மூன்றாம் அத்தியாயம்.

ஆனாலும் அவர் கவனமான மனிதர். ஒரு நாள் தொடாமல் விட்டுப் பார் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை அந்தோணியம்மாளை வரவேண்டாம் என்று சொன்னேன். அன்றைய தாளில் ஒரு துள்ளலும் இல்லை. அதைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இன்னிக்கு யாரும் வரமாட்டாங்கன்னு கூட அதுக்குத் தெரிஞ்சிருக்குப்பா." அது நான்காம் அத்தியாயம்.

பிறகு மாதா கோயில் தேர் வந்தது. நான் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அன்றைய தாளில் முள் ஆறு மணிக்கே துள்ள ஆரம்பித்து ஏழு மணிக்கெல்லாம் முடித்திருந்தது. திருவிழா நாளில் கொடி சீக்கிரம் விழிக்கிறது. தெருச் சத்தத்தாலா, வாணவெடிப் புகையாலா, ஆட்கள் நடமாட்டத்தால் மண்ணில் ஏற்படும் அதிர்வாலா என்று பதினோரு பக்கம் எழுதினேன். அது பின்னிணைப்பு. நெறியாளர் அதைப் படித்துவிட்டு, புகையைப் பற்றி மட்டும் இன்னும் இரண்டு பக்கம் சேர்க்கச் சொன்னார்.

இந்த மகத்தான காலத்தில் ஒரு மாலை வலது கிண்ணத்தை எண்ணினால் ஐம்பத்தொன்பது.

அந்தோணியம்மாளைக் கூப்பிட்டேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, அவருக்கு என் அம்மாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நிற்க வைத்துப் பேசினேன். "ஆராய்ச்சின்னா விளையாட்டு இல்லீங்க. அறுபதுன்னு நான் எழுதறேன். அம்பத்தொன்பது தரம் தொட்டுட்டு அறுபதுன்னு எழுதினா அது பொய். ஒண்ணு குறைஞ்சாலும் பொய்தான்."

அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார். மேசைக்கு அடியில், பானைக்குப் பின்னால், கூண்டின் காலுக்கு வைத்திருந்த செங்கற்களுக்கு நடுவில். நான் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பார்ப்பதுபோல் இருந்தேன். கடைசியில் ஒரு செங்கல் இடுக்கிலிருந்து கொட்டையை எடுத்து, ஊதித் துடைத்துக் கிண்ணத்தில் போட்டார். "தோ இருக்குது சார். நா பொய் சொல்றவ இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கறாரான ஆய்வாளனாக நடந்துகொண்டேன் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது, வெட்கமாக இருக்கிறது இப்போது.

இரண்டு வருடம் போயிற்று. தீசிஸ் தட்டச்சாகி, பைண்டாகி, தேர்வாளருக்குப் போனது. தேர்வாளராக வந்தவர் வடக்கேயிருந்து வந்த பெரியவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர். தீசிஸைப் படித்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்கு முன்பு கொடியை ஒரு தரம் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நெறியாளர் தன் கொள்கையை அவரிடம் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு இந்த விஷயத்தில் எந்த ஆசையும் இல்லை. நான் பக்கத்தில் இருக்கலாம் அல்லவா?" என்றார். நெறியாளர் வாடகைக் காருக்குச் சொல்லி அனுப்பினார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாடகைக் காரில் இருவரும் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய இரண்டு நாற்காலிகளைக் கூண்டுக்கு எதிரே போட்டிருந்தேன். எனக்கு உட்கார மனமில்லை. அந்தோணியம்மாளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன், பெரியவர்கள் வருகிறார்கள், எப்போதும் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள் என்று. அந்த ஒரு உத்தரவை அவர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார்.

உள்ளே வந்தார். பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். கொண்டையை இறுக்கிக்கொண்டு தூரிகையை நனைத்தார். இலையை வருடினார், முள் துள்ளியது, கொட்டை விழுந்தது. நனைத்தார், வருடினார், கொட்டை விழுந்தது. நனைத்தார், வருடினார். நாற்று நடுகிறவர்களின் கையை நீங்கள் பார்த்திருந்தால் அந்த வேகம் உங்களுக்குப் புரியும். நடுவில் ஒரு முறை நிறுத்திப் பின்வாசலுக்குப் போய்க் கூழ் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி ஆரம்பித்தார். முள் அவ்வப்போது துள்ளியது, அவ்வப்போது பேசாமல் கிடந்தது.

நெறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா இது, நிறுத்து. பத்து நிமிஷம் ஆகட்டும்."

"இன்னாத்துக்கு சார்?" என்றார் அவர், கையை நிறுத்தாமலே. "ஒம்போது மணிக்கு பாகூர் பக்கம் நடவு இருக்குது. பொம்பளைங்கள்லாம் ரோட்டுல நின்னுக்கினு இருப்பாளுங்க."

"நாள் பூரா தொடணும்னு சொல்லலையா உனக்கு?"

"அறுவது தரம்னு சொன்னாரு சார். நாள் கூலின்னா நாள் பூரா நிக்கணும். இது எண்ணிப் பேசின வேல. ஒரு காணி நடணும்னு பேசிக்கினா, நட்டு முடிச்சிட்டு கரை ஏறிடுவோம். மிச்ச நேரம் வரப்புல இன்னாத்துக்கு நிப்போம்?"

தேர்வாளர் என் பக்கம் திரும்பி, அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே இருந்த நான்கு பேரில் அவருக்கு மட்டும்தான் தமிழ் தெரியாது. நெறியாளர் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "தம்பி, பெரியவங்களுக்குக் காட்டறதுக்காக இன்னிக்கு வேகமா செஞ்சாங்கன்னு சொல்லு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்." நம்பத்தக்க பொய். யாரும் கண்டுபிடிக்க முடியாத பொய். எனக்கு ஜூன் மாதம் கண்முன் தெரிந்தது, அப்பாவும் தெரிந்தார். வாயைத் திறந்தேன், ஆங்கிலத்தில் முதல் வார்த்தையும் வந்துவிட்டது.

நாங்கள் குசுகுசுவென்று பேசியதைப் பார்த்த அந்தோணியம்மாள், தன்மேல் ஏதோ சந்தேகம் என்று நினைத்துவிட்டார். மிச்சமிருந்த கொட்டைகளையும் முடித்துவிட்டு, வலது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் நேராகத் தேர்வாளரின் மடியில் வைத்தார்.

"எண்ணிப் பாருங்க சார். அறுவது இருக்கும். ஒண்ணு கொறைஞ்சாலும் பொய்யின்னு இவருதான் எனக்கு சொன்னாரு. ரெண்டு வருசமா ஒண்ணு கொறைஞ்சது இல்ல."

அந்தப் பெரிய மனிதர் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு ஒவ்வொரு கொட்டையாக எடுத்து எண்ணத் தொடங்கினார். அறுபது வரைக்கும் எண்ணினார். எண்ணி முடித்து, இப்போது என்ன சொன்னார் என்று மறுபடியும் என்னைக் கேட்டார்.

என்னுடைய சொல்லையே நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. ஒன்று குறைந்தாலும் பொய் என்று இவர் சொன்னதாகச் சொல்கிறார் என்றேன். இவர் என்றால் யார் என்றார். நான்தான் என்றேன். அதற்கப்புறம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நாள் கூலி, எண்ணிப் பேசின வேலை, பாகூர் நடவு எல்லாவற்றையும் திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

தினமும் இப்படித்தானா என்று அந்தோணியம்மாளைக் கேட்கச் சொன்னார் தேர்வாளர். தினமும்தான் என்று பதில் வந்தது. மூன்றாம் அத்தியாயம் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை ஏன் ஒன்றும் இல்லை? "நீங்கதான வர வாணாம்னு சொன்னீங்க?" நான்காம் அத்தியாயம் போயிற்று.

தேர் நாளில்? "தேரு இழுக்கப் போவணுமே சார். அதான் விடிகாலையில வந்து முடிச்சிட்டேன்." பின்னிணைப்பு, வாணவெடிப் புகை உட்படப் போயிற்று.

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு பெண்மணியின் வேலைப் பழக்கத்தை நாங்கள் இரண்டு வருடமாகச் சுரைக்கொடியின் குணம் என்று எழுதியிருக்கிறோம். காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டு போவது கொடி இல்லை, அந்தோணியம்மாள். வரவேண்டாம் என்றால் வராமல் இருந்ததும் அவர்தான். திருவிழா தெரிந்திருந்ததும் அவருக்குத்தான். அவரை ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் தினமும் சேற்றுக் காலோடு என் எதிரே நின்றார், நான் கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தேர்வாளர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து அந்தோணியம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டார். என்னிடம், "மறுபடியும் செய்யுங்கள். இந்த முறை பக்கத்தில் இருங்கள்" என்றார். காரில் ஏறும்போது நெறியாளர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆசை இல்லாத ஆளுன்னேனே, வேற வேலை இல்லாத ஆளுன்னு சொல்லியிருக்கணும்" என்றார். அவர் என்மேல் கோபத்தைக் காட்டவில்லை. கார் ஓட்டுநர்மேல் காட்டினார், வில்லியனூர் வரைக்கும்.

ஜூன் வந்தது, வேலை போயிற்று. நெறியாளர் எனக்காகக் கல்லூரிக்கு இரண்டு கடிதம் எழுதினார், பலிக்கவில்லை. அப்பா ஊரில் 'பையன் மேல்படிப்புக்கு லீவு போட்டிருக்கிறான்' என்று மாற்றிச் சொன்னார். ஒரே நன்மை, வேலை இல்லாததால் நாள் முழுக்கக் கொடியின் பக்கத்தில் உட்கார எனக்கு நேரம் கிடைத்தது. மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டேன். பகலில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நானே தூரிகையை நனைத்தேன், நானே கொட்டையை மாற்றினேன்.

அந்தோணியம்மாள் ஒரு நாள் வந்து வாசற்படியில் நின்றார். "என்னாலதான வேல போச்சு?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. "நீங்க அத அன்னிக்கு அந்த தொரைகிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல?" என்றார். நான் தூரிகையை நனைக்கப் போனேன். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் நடவிலிருந்து திரும்புகிற வழியில் உள்ளே வந்து, கேட்காமலே வலது கிண்ணத்தை எடுத்து எண்ணிப் பார்ப்பார். அறுபது இருந்தால் தலையாட்டிவிட்டுப் போவார். நான் அவரைச் சோதித்த காலம் போய் அவர் என்னைச் சோதிக்கிற காலம் வந்தது. அவர் அப்படி வந்துபோனது எனக்குப் பிடித்திருந்தது, அந்த வீட்டில் நாள் முழுக்கப் பேச ஆள் இல்லை.

கத்திரி வெயிலில் ஒரு நாள். மூன்று மணிக்கு மேல் ஓடு காய்ந்து வீடே அடுப்பாக இருந்தது. சுவரில் சாய்ந்தவன் கண்ணசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் பெரிய முள் தாண்ட வேண்டிய எண்ணைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. ஒரு தொடுகை தவறிப்போயிற்று. சேர்த்துத் தொட்டால் இடைவெளி கெடும். கொட்டையை மட்டும் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? விரலில் ஒரு கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று நினைவில்லை. போடவும் இல்லை, போடாமல் இருக்கவும் மனம் இல்லை. கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கோழைகள் அப்படித்தான் முடிவெடுப்பார்கள்.

சாயங்காலம் அந்தோணியம்மாள் வந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஒண்ணு கொறையுது சார்."

"பூனை எதாவது தட்டியிருக்கும்" என்றேன்.

அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டார். மேசைக்கு அடியில் பார்த்தார். பானையை நகர்த்திப் பார்த்தார். நாள் முழுக்க நட்டுவிட்டு வந்த இடுப்பு அது. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் செங்கல்லைப் புரட்டினார். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார். அன்றைக்கு அவரை நான் நம்பவில்லை, இன்றைக்கு என்னை அவர் நம்புகிறார்.

"அந்தோணியம்மா, தேடாதீங்க. எழுந்திருங்க. நான் தூங்கிட்டேன்."

பையிலிருந்து கொட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ அம்பத்தொம்போதுன்னு எழுதுங்க" என்றார். எழுதி முடிக்கும் வரைக்கும் நின்றார்.

அப்படியே எழுதினேன். ஐம்பத்தொன்பது, ஆய்வாளர் உறங்கிவிட்டார்.

இரண்டாவது தீசிஸில் முன்னுணர்வு இல்லை, திருவிழா இல்லை. தொட்டால் கொடி பதில் சொல்கிறது. உடனே மறுபடி தொட்டால் பேசாமல் இருக்கிறது. கொஞ்ச நேரம் விட்டுத் தொட்டால் மறுபடி பதில் சொல்கிறது. காலையிலும் அப்படித்தான், மதியத்திலும் அப்படித்தான். இதில் பாதி, நான் பிறப்பதற்கு முன்பே அடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே தேர்வாளர்தான் வந்தார். வாய்மொழித் தேர்வில் மற்ற எதையும் கேட்காமல் அட்டவணையைப் புரட்டி ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார். "பக்கம் பக்கமாக அறுபது, அறுபது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனிதனால் அது முடியாது என்று எனக்குத் தெரியும். படித்துக்கொண்டே வந்தபோது ஒன்றையும் நம்பவில்லை. இந்த வரிக்கு வந்த பிறகு முன்னால் போய் எல்லாவற்றையும் மறுபடி படித்தேன்" என்றார். பட்டம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு வேறொரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. முப்பது சொச்சம் வருடம் உங்களைப் போன்றவர்களின் அட்டவணைகளில் நான் தேடிக்கொண்டிருந்ததும் அந்த மாதிரி ஒரு வரியைத்தான்.

பைண்டு செய்த பிரதியோடு அந்தோணியம்மாளைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்லும் பக்கத்தில் நெறியாளருக்கு முன்னால் அவர் பெயரைப் போட்டிருந்தேன். அதை வாசித்துக் காட்டியபோது, சரி சரி என்று கையசைத்துத் தள்ளிவிட்டார். அந்த ஐம்பத்தொன்பது எங்கே என்று கேட்டார். காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அந்த வரிமேல் விரலை வைத்துப் பார்த்தார். தேர்வாளர் சொன்னதைச் சொல்லி, பட்டம் கிடைத்ததே அந்த வரியால்தான் என்றேன்.

"தூங்கினதுக்கா சார் டாக்டரு குடுத்தாங்க?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் தெருப்பக்கம் திரும்பி, வெயிலுக்கு ஒதுங்கி வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்த தன் வீட்டுக்காரரையும் அவருடைய மூன்று சிநேகிதர்களையும் ஒரு பார்வை பார்த்தார். "இத மின்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.